ஐம்பத்தேழாம் எண் நட்சத்திரம்

நாற்காலி கொஞ்சம் ஆடுகிறது, மேடம். வேறு ஒன்று கொண்டுவரச் சொல்ல வேண்டாம். எங்கள் துறையில் நாலு காலும் தரையில் படுகிற நாற்காலியை நான் பார்த்ததே இல்லை, அதனால் வைத்தியம் கைவசம் இருக்கிறது. சட்டைப் பையில் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். இரண்டாக மடித்து இந்தக் காலுக்கு அடியில் சொருகினால் போதும். பாருங்கள், அசையவில்லை. இனி நிதானமாகப் பேசலாம்.

விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் சட்டத்துறை என்று வெளியே சொன்னார்கள். அதனால் கணக்கு எதுவும் போடாமல் சொல்கிறேன். ஒரே ஒரு கணக்கு மட்டும் கடைசியில் வரும், எட்டு நிமிடக் கணக்கு. அதுவும் சிரிக்கச் சிரிக்க இருக்கும், பயப்படாதீர்கள்.

அந்த மூன்று வருஷப் பட்டப்படிப்பில் நான் இருந்த சந்தோஷம் யாருக்கும் வாய்த்திருக்காது. மற்ற துறைக்காரர்கள் தேர்வு, வேலை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவார்கள். நாங்கள் சூரியனை எடை போட்டுக்கொண்டிருந்தோம். நிஜமாகத்தான். முதல் வாரமே சார், அதாவது எங்கள் துறைத்தலைவர், வருஷத்தின் நீளத்தையும் சூரியன் இருக்கும் தூரத்தையும் இன்னும் ஓர் எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு, எடையைச் சொல்லுங்கள் என்றார். இருபத்தெட்டுப் பேர் இருபத்தெட்டு விடை சொன்னோம். ஒருவனுடைய சூரியன் பசுமாட்டைவிட இளைத்திருந்தது. சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சூரியன் நொடிக்கு நாற்பது லட்சம் டன் கரைகிறது என்று அடுத்த வகுப்பில் தெரிந்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. விடுதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். துணி துவைத்துத் தருகிறவரைப் பிடித்து நிறுத்தி அவரிடமும் சொன்னேன்.

"அப்போ இருக்கறப்பவே சீக்கிரம் காய வெச்சுக்கோ தம்பி" என்றார் அவர்.

தும்மல் அறிமுகமானதும் அந்த வாரம்தான். மொட்டைமாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி, சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டை மேல் விழவைக்கும். படிக்கட்டு நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தவள் அடுத்தடுத்து மூன்று தும்மல் போட்டாள். திடீரென்று வெளிச்சம் பட்டால் சிலருக்குத் தும்மல் வரும், உடம்பு வாகு. "பேரு என்னம்மா?" என்று சார் கேட்டார். பதிலுக்கு நாலாவது தும்மல் வந்தது. அவ்வளவுதான், பெயர் நிலைத்துவிட்டது.

என்னைத் தராசு என்பார்கள். முதல் தேர்வில் சார் கூட்டல் தப்பாகப் போட்டு எனக்கு இரண்டு மதிப்பெண் அதிகம் தந்துவிட்டார். நான் எழுந்து போய்த் திருப்பிக் கொடுத்தேன். வகுப்பே கைதட்டியது. அந்தக் கைதட்டல் எவ்வளவு இனித்தது என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது.

தும்மல் தினமும் தாமதமாகத்தான் வருவாள். ஒருநாள் சார் கடிகாரத்தைக் காட்டினார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "எட்டு நிமிஷம்தான் சார். சூரியன்லேர்ந்து வர ஒளிக்கே அவ்வளவு ஆகுது" என்றாள். சார் சிரித்து உள்ளே விட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் யார் தாமதமாக வந்தாலும் எட்டு நிமிடம்தான். இந்த நகைச்சுவையை மறந்துவிடாதீர்கள், பிறகு வேண்டியிருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசை. நான் இரண்டு பக்கம் எழுதிப் போய்ச் சேருகிற விடையை அவள் நோட்டு ஓரத்தில் கிறுக்கிக் கண்டுபிடித்துவிடுவாள். பாதி நேரம் எப்படி வந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. எனக்குப் பொறாமை இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதியாயிற்றா, நல்லது.

அவளுக்கு அப்பா இல்லை. சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடை வருமானத்தில்தான் வீடு ஓடியது. "வானத்த அண்ணாந்து பாத்தா கழுத்து வலிதான் மிச்சம்" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் அவளைப் படிக்க வைத்தார். பட்டம் முடிவதற்குள் ஏதாவது சாதித்துக் காட்டினால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் கடைக்கு வந்துவிட வேண்டும், இதுதான் ஒப்பந்தம். துறையில் மேற்படிப்புக்கு வருஷத்துக்கு ஒரே ஓர் இடம். அவளும் அதற்குத்தான் ஆசைப்பட்டாள், நானும் அதற்குத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் நான் செய்ததற்கு அது காரணம் இல்லை.

எங்கள் துறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மாடியிலிருக்கும் பெரிய தொலைநோக்கி அறுபது நட்சத்திரங்களின் வெளிச்சத்தைத் தானாகவே அளந்து பதிந்துகொண்டே இருக்கும். ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் அதன் கோள் குறுக்கே போனால் வெளிச்சம் ஒரு துளி குறையும். வரைபடத்தில் சின்னப் பள்ளம் விழும். கடைசி வருஷ மாணவர்களுக்கு அந்தப் பள்ளங்களைத் தேடுவதுதான் வேலை. ஆனால் ஆசைப்பட்டுத் தேடுகிறவனுக்கு இல்லாத பள்ளமும் தெரியும். அதனால் சார் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். வகுப்பில் ஒருவனைப் பொய்யனாக நியமிப்பார். அவன் பதிவுகளில் சில பொய்ப் பள்ளங்களைக் கலந்துவிட்டு, எங்கே என்ன கலந்தான் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டித் தருவான். ஆண்டு முடிவில் எல்லோரும் கண்டுபிடித்ததைச் சொன்ன பிறகு, சபையில் உறை பிரிக்கப்படும். உறையில் இருப்பது பொய். உறையில் இல்லாதது எதையாவது ஒருவர் கண்டுபிடித்திருந்தால் அது நிஜமாக இருக்கலாம். துறை தொடங்கி இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று வந்ததில்லை. பிரித்ததும் எல்லோரும் சிரிப்போம், ஏமாந்தவன் எல்லோருக்கும் இனிப்பு வாங்கித் தருவான்.

"பொய் சொல்றதுக்கு நேர்மையான ஆள் வேணும். தராசு, நீதான்" என்றார் சார். மறுபடியும் கைதட்டல்.

பொய் கலக்க சார் எழுதிய மூன்று வரிக் கணினி நிரல் ஒன்று உண்டு. அதில் மூன்று எண்களை மட்டும்தான் மாற்ற முடியும். எந்த நட்சத்திரம், எவ்வளவு ஆழம், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை. நான் பன்னிரண்டு, முப்பத்தொன்று, நாற்பது ஆகிய எண்களில் பொய் வைத்தேன். தாளில் எழுதினேன். உறையின் ஒட்டும் இடத்துக்குக் குறுக்கே சார் கையெழுத்துப் போட்டார். நான் ஒட்டாத இன்னொரு காலி உறையையும் நீட்டி, "பசை சரியில்ல சார், எதுக்கும் இதுலயும் போட்டுடுங்க" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார். அப்போது என் மனதில் ஒன்றுமே இல்லை, மேடம். அந்த இரண்டாவது உறையை ஏன் நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தேன் என்று கேட்டால், வீணாக்க மனம் வரவில்லை என்றுதான் சொல்வேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு மதிய இடைவேளையில் தும்மல் என் சட்டைக் கையைப் பிடித்துக் கணினி அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். திரையில் ஐம்பத்தேழாம் எண் நட்சத்திரம். பதினோரு பள்ளங்கள். மூன்று நாள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரே ஆழம், வெட்டி வைத்தாற்போல.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுடா. இது உன் வேலையா? வாயத் தொறக்க வேணாம். தலைய ஆட்டினாலே போதும்."

பொய்யன் வாயையும் திறக்கக் கூடாது, தலையையும் ஆட்டக் கூடாது, சட்டம் அப்படி. நான் கல் மாதிரி நின்றேன். ஐம்பத்தேழில் நான் கை வைக்கவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். எங்கேயோ ஓர் உலகம் தன் சூரியனைச் சுற்றிச் சுற்றி வருகிறது. மனித குலத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. தும்மலுக்குக்கூடத் தெரியாது, அவளுக்கு நம்பிக்கைதான். அது பொய் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மூன்று தடவை ஓடினேன். சிரிப்பு அடங்கவில்லை. பெருக்கிக்கொண்டிருந்த அக்கா, "என்னப்பா, லாட்டரி கீட்டரி அடிச்சிருச்சா?" என்று கேட்டார். "அதுக்கும் மேலக்கா" என்றேன். என் வாழ்க்கையில் அதைவிட ஆனந்தமான நாள் கிடையாது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

நான் ஏன் செய்தேன் என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். காரணம் ரொம்ப எளிது. வாயைத் திறந்தால் அது அவளுடைய கோள். மூடியிருந்தால் என்னுடையது. அவள் தற்செயலாகக் கண்டாள், நான் அறிந்தேன். அறிந்தவனுக்குத்தானே பொறுப்பு அதிகம். கூட்டத்தில் போட்டு உடைத்து, பத்திரிகைக்காரர்கள் வந்து, ஆளாளுக்குப் பெயர் வைத்து, அந்தப் பாவப்பட்ட கோளைச் சந்தியில் நிறுத்துவதைவிட, ஒருவரிடம் அது நிம்மதியாக இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

சாருடைய இரும்பு அலமாரியின் சாவி பேனா டப்பாவில் கிடக்கும், எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் உறையை மாற்றினேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. புதிய தாளில் பழைய மூன்று பொய்களோடு நாலாவதாக ஐம்பத்தேழை எழுதியிருந்தேன். ஆழமும் இடைவெளியும் தும்மலின் நோட்டிலிருந்து எடுத்தவை. அவள் கையெழுத்து கோழி கிறுக்கினதுபோல இருக்கும், எண்களைப் படிக்கத்தான் சிரமப்பட்டேன்.

உறை பிரிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு அவள் தயங்கினாள். "சொல்லட்டுமா, விட்டுடட்டுமா? பொய்யா இருந்துட்டா மானம் போயிரும்டா" என்றாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். பள்ளங்கள் சரியான நேரத்துக்கு விழவில்லை, சில மாதங்களில் சில நிமிடம் முந்துகின்றன, சில மாதங்களில் பிந்துகின்றன. நோட்டில் அதற்கு நேரே 'என் அளவெடுப்புப் பிழை' என்று எழுதி வைத்திருந்தாள். நான் அவள் தோளில் தட்டி, "தைரியமா சொல்லு. அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றேன். ஒரு தோழன் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன்.

அம்மா வந்தார். சித்தப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். "தம்பி, எம்பொண்ணு சொல்றது நெஜந்தானா?" என்று அம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டார். "ஒறையப் பிரிச்சாத்தாம்மா தெரியும்" என்றேன். அதில் பொய் இல்லை.

தும்மல் பலகையில் கோட்டை வரைந்தாள், பள்ளத்தை வரைந்தாள், சுண்ணக்கட்டி இரண்டு தடவை கீழே விழுந்தது. ஐம்பத்தேழுக்குக் கோள் இருக்கிறது என்று சொன்னாள். சார் உறையைப் பிரித்தார். பன்னிரண்டு, முப்பத்தொன்று, நாற்பது, ஐம்பத்தேழு. அறை அதிரச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். எல்லோரையும்விட ரொம்ப நேரம் சிரித்தாள், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சித்தப்பா மட்டும் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

எல்லோரும் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். "சூப்பரா ஏமாத்திட்டடா. என் கண்ணே எனக்குப் பொய் சொல்லுதுன்னு இப்பதான் தெரியுது" என்றாள். அவள் என்மேல் கோபப்படவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அது முக்கியம். அதன் பிறகு அவள் எந்த வரைபடத்தையும் பார்க்கவில்லை. கடைசித் தேர்வு எழுத வரவில்லை. மேற்படிப்பு இடம் எனக்குக் கிடைத்தது. யாராவது ஒருவருக்குக் கிடைக்கத்தானே வேண்டும்.

பொய் கலக்காத அசல் பதிவு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். சார் அறையில் பூட்டி வைத்த வட்டில் இருந்தது. சந்தேகம் வந்தால் மட்டும் எடுத்துப் பார்ப்பது வழக்கம். என்னைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த இரண்டு வருஷமும் எனக்குத் தேன்தான். நான் துறையிலேயே பயிற்றுநர். மாடித் தொலைநோக்கிக்கு நானே பொறுப்பு. மூன்று நாள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பள்ளம் வரும், ஏமாற்றாமல் வரும். நாற்பத்தோரு தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்லரித்தது. என் கோள், நான் சொல்லாமல் விட்டதால் எனக்கு மட்டும் சொந்தமான கோள். ஒரு தடவை அதற்கு விசிலடித்தேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூக்குக்கண்ணாடி மாற்ற நான் அவள் கடைக்கே ஒருமுறை போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு என் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். "இது தெளிவா இருக்கா? இதுவா? அவசரப்படாம சொல்லு" என்று நாள் முழுக்க யார் யாரையோ கேட்பது அவள் வேலை. நன்றாகத்தான் செய்தாள். குரலை உயர்த்தாமல் செய்தாள். அவள் நிம்மதியாக இருப்பதைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருந்தது.

போன மாதம் முதல் வாரம், காலை பதினொரு மணிக்கு, தும்மல் துறைக்கு ஓடிவந்தாள். கையில் கடைச் சீட்டுகள் நாலைந்து. கண் அளவு எழுதுகிற கட்டங்களுக்குள் எல்லாம் எண்கள், எண்கள்.

"இன்னிக்கு லேட்டா கடைக்குப் போனேன்டா. சித்தப்பா கத்தினார். நம்ம பழைய ஜோக்கச் சொன்னேன். எட்டு நிமிஷம் சித்தப்பா, ஒளிக்கே ஆகுதுன்னு. சொல்லிட்டு அப்படியே நின்னுட்டேன்."

இதுதான் அந்தக் கணக்கு, மேடம். பூமி சூரியனைச் சுற்றுகிறது. அதனால் வருஷத்தில் சில மாதம் நாம் அந்த நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கிட்டே, சில மாதம் கொஞ்சம் தள்ளி. கிட்டே இருந்தால் அதன் ஒளி எட்டு நிமிடம் வரை முந்தி வரும், தள்ளி இருந்தால் அவ்வளவு பிந்தி வரும். நிஜமான கோளின் பள்ளங்கள் நம் கடிகாரத்தில் அப்படித்தான் முன்னும் பின்னும் நகரும். அவள் பிழை என்று எழுதிவைத்தது பிழையே இல்லை. அவள் அளந்தது ஒவ்வொன்றும் நிமிட சுத்தம்.

ஆனால் அது நிஜமான கோள் என்ற முடிவுக்கு அவள் போகவில்லை. அவளுக்கு அது என் பொய் அல்லவா. சீட்டுகளை என் மேசையில் பரப்பி வைத்தாள். முகம் முழுக்க வெளிச்சம். "அப்போ நீ பொய்யக் கலக்கும்போது பூமி சுத்தறதையும் கணக்குப் பண்ணியாடா கலந்த?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட விதத்தில் சந்தேகமே இல்லை. பிரமிப்புதான் இருந்தது. நான் "ஆமா" என்றேன். ஒரே ஒரு சொல். இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது.

"அடப்பாவி, நீ மனுஷனே இல்லடா, மேதைடா" என்று குதித்தாள். ஜன்னல் வெயில் முகத்தில் பட்டுத் தும்மினாள். சாரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நடைபாதையில் ஓடினாள். நான் தடுக்கவில்லை. என்னைப் புகழத்தான் போகிறாள், ஏன் தடுக்க வேண்டும்.

சுவர் மெல்லியது. அவள் குரல் கேட்டது. எவ்வளவு அக்கறை சார், எட்டு நிமிஷத்தக்கூட விடல சார். பிறகு சார் குரல், "இன்னொரு தடவ சொல்லும்மா." அவள் மறுபடி சொன்னாள். அலமாரி திறக்கும் சத்தம். கணினி விசிறி சுழலும் சத்தம். பூட்டி வைத்த வட்டு என்று அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. அப்போதும் உதட்டோரம் சிரிப்பு இருந்தது என்று நினைக்கிறேன்.

சார் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் அவர் எழுதிய அந்தப் பழைய நிரல் தாள். வயதானவர், படியேறாமலே மூச்சு வாங்கியது.

"மூணு வரி. மாத்தறதுக்கு மூணே மூணு நம்பர். அதுக்குள்ள பூமியும் சூரியனும் எங்கடா வந்துச்சு?"

நான் எழுந்து என் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டேன்.

அவருக்குப் பின்னால் தும்மல் நின்றிருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. என்னையே பார்த்தாள், கடையில் வில்லை மாற்றிவிட்டுப் பார்ப்பாளே, அப்படி. பிறகு என் மேசைக்கு வந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள்.

"இப்போ தெளிவா இருக்கு" என்றாள். போய்விட்டாள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். ஐம்பத்தேழாம் எண் நட்சத்திரத்தில் நான் எதையும் கலக்கவில்லை. உறையை மாற்றினேன். அது நிஜம் என்று தெரிந்தே அவளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினேன். இரண்டு வருஷம் கழித்து அவளே வந்து கேட்டபோது மறுபடியும் பொய் சொன்னேன். சாட்சி வேண்டும் என்றால் இந்த நாற்காலியை லேசாகத் தூக்குங்கள். காலுக்கு அடியில் இருப்பதுதான் முதல் உறை. ஒட்டினது ஒட்டினபடி, சார் கையெழுத்தோடு. அதில் மூன்று எண்கள்தான் இருக்கும். நான் எதையும் கிழித்து எறிகிறவன் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், தேதியும் போட்டுவிட்டேன். சார் அந்தக் கோளைப் பதிவு செய்ய விண்ணப்பம் தயாரிக்கிறார் என்று கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். அதில் கண்டுபிடித்தவர் என்று ஒரு கட்டம் இருக்கும். தும்மல் பெயரை முதலில் போடச் சொல்லுங்கள், எனக்கு அதில் வருத்தமில்லை. என் பெயர் இரண்டாவதாக இருந்தால் போதும்.